கார் ஷெட்டில் பட்டறை: வெளிச்சத்தில் தொடங்கி வருடக்கணக்கில் வளர்ப்பது எப்படி

எங்கள் வீடு சென்னையில் வேளச்சேரிப் பக்கம். கார் ஷெட் 10 அடிக்கு 18 அடி. மேலே ஆஸ்பெஸ்டாஸ், முன்னால் இரும்பு கேட், இரண்டு பக்கமும் பின்னாலும் சுவர். 2008-இல் அங்கே பட்டறை போடுகிறேன் என்று கிளம்பி, முதல் வேலையாக நான் வாங்கியது மரம் அறுக்கும் வட்ட ரம்ப மெஷின். அதைச் செருக ஒழுங்கான பிளக் பாயின்ட் இல்லை. பென்சில் கோட்டைப் பார்க்க வெளிச்சம் இல்லை. 8 அடிப் பலகையை ரம்பத்துக்குள் தள்ளினால் மறுமுனை போய் கேட்டில் முட்டியது. இரண்டு வருடம் அதன் மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தோம். அதற்கு மிகவும் வசதியான உயரம்.

கீழே சொல்லும் வரிசை அந்த இரண்டு வருடத்தில் கற்றது. மெஷின் ஏழாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன் தரை, வெளிச்சம், கரண்ட், மேசை, வைஸ் (வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி), கைக்கருவி. பொறுமை இல்லாதவர்கள் கரண்ட் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

1. ஒரு மழை நாளில் ஷெட்டில் போய் நில்லுங்கள்

அளவெடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். கூரை எங்கே சொட்டுகிறது, சாரல் எதுவரை வருகிறது, தரையில் எங்கே தேங்குகிறது. சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் நின்றால் தெரிவது, வெயில் நாளில் பத்துத் தடவை டேப் பிடித்தாலும் தெரியாது.

அடுத்து தரையின் சரிவு. கார் ஷெட் தரையைக் கொத்தனார் வேண்டுமென்றேதான் வாசலைப் பார்த்துச் சரித்துப் போட்டிருப்பார், கழுவிய தண்ணீர் வெளியே ஓட. எங்கள் ஷெட்டில் 18 அடிக்கு 3 அங்குலம் சரிவு. 8 அடி மேசையைப் பக்கச் சுவரை ஒட்டிப் போட்டால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரும். அதே மேசையைப் பின் சுவரை ஒட்டிக் குறுக்கே போட்டால் முன் காலுக்கும் பின் காலுக்கும் நடுவே உள்ள 2 அடிக்கு மட்டும்தான் சரிவு, மூன்றில் ஒரு அங்குலம். ஒரு சின்ன ஆப்பு போதும். மேசைக்குப் பின் சுவர்தான் சரியான இடம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

காரும் பட்டறையும் ஒரே ஷெட்டில் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும், கணக்கு இடித்துப்பிடித்து வரும். 4 மீட்டருக்குள் இருக்கும் சின்ன கார் என்றால் 13 அடி. மிச்சம் 5 அடி. மேசைக்கு 2, நிற்க 3. நின்று வேலை செய்ய அது போதும், நீளமான எதையும் பிடிக்கக் காரை வெளியே எடுத்தாக வேண்டும்.

2. வெளிச்சம்

ஷெட்டின் நடுவில் ஒரு பல்பு தொங்கினால், சுவரைப் பார்த்து நிற்கும் உங்கள் நிழலே வேலையின் மேல் விழும். விளக்கு உங்களுக்கும் சுவருக்கும் நடுவே, தலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். மேசைக்கு மேலே 20 வாட் எல்.இ.டி. டியூப், 4 அடி நீளம், இரண்டு. கார் நிற்கும் பக்கத்துக்கு இன்னொன்று. சுவருக்கு வெள்ளை அடித்துவிடுங்கள், அதுவே பாதி விளக்கு.

பழைய சோக் வைத்த டியூப் லைட்டை இங்கே கொண்டுவந்து மாட்டாதீர்கள். நம் கரண்ட் 50 சைக்கிள், அதனால் அந்த டியூப் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுற்றும் சக்கோ (டிரில் பிட்டைக் கவ்வும் வாய்) ரம்பமோ அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும் வேகத்தில் ஓடினால், நின்றுகொண்டிருப்பது போலத் தோன்றும். கை வைத்தால் கதை முடிந்தது. மலிவான எல்.இ.டி.யிலும் இந்தத் துடிப்பு உண்டு. போன் கேமராவை விளக்குக்கு நேரே காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் வேறு விளக்கு வாங்குங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் ஷீட்டைத் துளைக்க வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயில் கிளாம்ப் போட்டு விளக்கைத் தொங்கவிடுங்கள்.

3. கரண்ட்

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் என்ன வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். இல்லையென்றால் அவர் வராண்டா விளக்கின் வயரிலிருந்து ஒரு கிளை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு முதலில் வந்தவர் அதைத்தான் செய்தார்.

மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனி லைன் வேண்டும். 16 ஆம்பியர் லைனில் 230 வோல்ட்டுக்கு 3,680 வாட் கிடைக்கும். கை கிரைண்டர் 700, 800 வாட். 1 குதிரைத் திறன் மோட்டார் 746 வாட் வேலை தரும், ஆனால் அதைவிட அதிகமாகவே இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அதனால்தான் எம்.சி.பி.யில் (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) சி வகை வேண்டும். பி வகை போட்டால் மோட்டார் கிளம்பும்போது விழக்கூடும். வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். போதும் என்பார்கள். மெயின் போர்டு 15 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் 4 போடுங்கள். குழாயை இப்போதே ஒரு இஞ்ச் அளவில் போட்டு இடம் விட்டு வையுங்கள். என்றாவது வெல்டிங் மெஷின் வந்தால் அதற்குத் தனி வயர் இழுக்கச் சுவரை மறுபடி உடைக்க வேண்டியதில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதாதா என்றால், கணக்குப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண சுருள் வயர் 0.75 ஸ்கொயர் எம்.எம். 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர் செம்பு. அதன் மின்தடை ஏறக்குறைய 0.93 ஓம். 10 ஆம்பியர் இழுத்தால் 9 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அந்தச் சுருளுக்குள் 93 வாட் சூடாக மாறிக்கொண்டிருக்கும். சுருளைப் பிரிக்காமல் வைத்து வேலை செய்தால் உள்ளே உறை உருகி ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒன்று அப்படிப் போனது. வாசனை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

ஷெட்டுக்குள் சின்ன டி.பி. (லைன்களைப் பிரிக்கும் போர்டு) ஒன்று, அதில் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இதை விட்டுக்கொடுக்காதீர்கள். எர்த் ஒழுங்காக இருந்தால், மெஷினின் உடம்பில் கரண்ட் கசிந்த உடனேயே இது விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் நீங்கள் தொட்ட பிறகுதான் விழும். எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் உள்ள உறவு அவ்வளவுதான், இரண்டும் வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

விளக்குக்குத் தனி சர்க்யூட் கொடுங்கள், அந்த ஆர்.சி.சி.பி.க்குக் கீழே சேர்க்காமல். சேர்த்துவிட்டால், ரம்பம் ஓடும்போது பிளக் லைன் விழுகிற நொடியில் விளக்கும் அணையும். பிளேடு நிற்கச் சில நொடி ஆகும். அந்தச் சில நொடி இருட்டில், சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டி வரும்.

பிளக் பாயின்ட்கள் தரையிலிருந்து 4 அடி உயரத்தில், மேசைக்கு மேலே 2 அடிக்கு ஒன்றாக, எல்லாமே 16 ஆம்பியர். 4 அடி ஏன் என்பது துரு பற்றிய பகுதியில் வரும்.

ஒரு விஷயம். வீட்டு இணைப்பில் உங்கள் வேலையைச் செய்யலாம். காசு வாங்கிக்கொண்டு பிறருக்குச் செய்ய ஆரம்பித்தால் கட்டண வகை மாறும். அதற்கு முன்னால் மின் வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

4. மேசை

நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் உங்கள் மேசை உயரம். எனக்கு 34 அங்குலம். இழைப்புளி பிடித்துத் தள்ளும்போது தோளின் எடை கீழே இறங்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் கை மட்டும்தான் தள்ளும், அரை மணியில் ஓய்ந்துவிடும்.

மேல் பலகைக்கு ஒரே ஒரு 8-க்கு 4 பிளைவுட் ஷீட் போதும். 18 மி.மீ. தடிமன், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரும் தாங்கும்) ரகம் கேளுங்கள். ஐ.எஸ். 303 முத்திரையோடு விலை குறைவாகக் கிடைக்கும் எம்.ஆர். (ஈரத்தை ஓரளவே தாங்கும்) ரகம் வீட்டுக்குள் அலமாரிக்குச் சரி, சாரல் அடிக்கும் ஷெட்டுக்கு ஆகாது. கடையிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுத்து வாங்குங்கள். 8-க்கு 2 அளவில் இரண்டு பலகை. ஒன்றின் மேல் ஃபெவிகாலைச் சீப்பு மாதிரி பல் உள்ள தகட்டால் பரப்பி, மற்றதை வைத்து, அடிப்பக்கத்திலிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ முடுக்குங்கள். 36 மி.மீ. கனத்தில் அசையாத பலகை. அதன் மேல் மெல்லிய ஹார்ட்போர்டு ஒன்றை ஒட்டாமல் ஸ்க்ரூ மட்டும் போட்டு வையுங்கள். துளை விழும், பெயின்ட் கொட்டும், எண்ணெய் ஊறும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு போடலாம். நான் இப்போது ஐந்தாவது ஹார்ட்போர்டில் இருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. பழைய வீடுகளை இடிப்பவர்கள் கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் விற்கிறார்கள். சென்னையின் பழைய வீடுகளில் பர்மா தேக்கு நிறைய. கதவாக நின்ற ஒரு பலகை மேசையாகப் படுப்பதில் தவறில்லை. வாங்கும்போது கீல் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஆணியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கரையான் முந்திக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

கால்களுக்கு 40-க்கு 40, 5 மி.மீ. இரும்பு ஆங்கிள். தெருமுனை வெல்டிங் கடையில் ஒரு மதியத்தில் அடித்துக் கொடுப்பார்கள். மேல் பலகை முன்னால் 3 அங்குலம் துருத்திக்கொண்டு இருக்கட்டும், கிளாம்ப் பிடிக்க இடம் வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் கீழே கடப்பா கல் துண்டு ஒன்று வையுங்கள். கிரானைட் கடை வாசலில் வெட்டிப் போட்டது சும்மாவே கிடைக்கும். ஈரத் தரையில் நேராக நிற்கும் இரும்புக் கால் அடியிலிருந்து அரிக்கும், மேலே அடித்த பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே. கடைசியாக, மேசையைச் சுவரோடு இரண்டு இடத்தில் போல்ட் போடுங்கள். அந்த இரண்டு போல்ட்டுக்கு முன்னால் இருந்த மேசையும் பின்னால் இருக்கும் மேசையும் வேறு வேறு.

5. வைஸ்

பக்கத்துத் தெருவில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. என் ரம்ப மெஷினையும் அதன் மேலிருந்த பேப்பர் கட்டையும் பார்த்துவிட்டு, "மொதல்ல வைஸ் வாங்கு தம்பி. மூணாவது கை இல்லாம என்ன வேலை செய்வ?" என்றார். அன்று கொஞ்சம் கோபம் வந்தது.

4 அங்குல வைஸ் வாங்கப் போய், கையில் காசு இருந்தால் 6 அங்குலம் வாங்கிவிடுங்கள். பெரியதில் சின்னதைப் பிடிக்கலாம். கடையில் தாடையை முழுக்கத் திறந்து, நகரும் தாடையைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பொருத்தும் இடம் மேசையின் காலுக்கு நேர் மேலே. நிலையான தாடை மேசை விளிம்பைத் தாண்டி ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) வெளியே இருக்க வேண்டும். அப்போதுதான் நீளக் கம்பியைச் செங்குத்தாகத் தரைவரை தொங்கவிட்டுப் பிடிக்க முடியும். இந்த ஒரு நூலைக் கவனிக்காமல் பொருத்திவிட்டு, பிறகு நான்கு துளையும் மறுபடி போட்டேன்.

தாடையின் பல் வேலையில் பதியாமலிருக்க, பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி இரண்டு பக்கமும் வையுங்கள். அலுமினிய ஆங்கிள் துண்டும் நல்லது.

6. கைக்கருவிகள்

பெட்டியாக விற்கும் 108 துண்டு செட்டை வாங்காதீர்கள். அதில் பன்னிரண்டைத்தான் வாழ்நாள் முழுக்கத் தொடுவீர்கள், அந்தப் பன்னிரண்டும் சுமாராக இருக்கும். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் ஒரு காலை நேரம் நடந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கலாம். சுத்தியல், மூலை மட்டம், ரசமட்டம், ஸ்டீல் ஸ்கேல், திருப்புளி நான்கு, கட்டிங் பிளேயர், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், அரம் இரண்டு, உளி மூன்று, கைவாள், ஹாக்சா. ஒரு பொருளை மூன்றாவது முறை இரவல் கேட்க நேர்ந்தால் அது நீங்கள் வாங்க வேண்டிய பொருள்.

ஹாக்சா பிளேடைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பிளேடை உடைத்துவிட்டுப் பிளேடைத் திட்டுகிறார்கள். பிளேடின் மேல் 18, 24, 32 என்று எழுதியிருக்கும். ஒரு அங்குலத்தில் இத்தனை பல் என்று அர்த்தம். அறுக்கும் உலோகத்தின் கனத்துக்குள் குறைந்தது மூன்று பல்லாவது இருக்க வேண்டும். 18 பல் பிளேடில் ஒரு பல்லுக்கு 1.4 மி.மீ., மூன்று பல்லுக்கு 4.2. எனவே 5 மி.மீ. ஆங்கிளுக்குச் சரி. 16 கேஜ் சதுரக் குழாயின் சுவர் 1.6 மி.மீ. மட்டுமே. அதில் 18 பல் பிளேடு போட்டால் குழாய் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவே விழுந்து மாட்டிக்கொண்டு பல்லைப் பெயர்க்கும். 32 பல் போட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்து அறுங்கள். சாய்க்கும்போது வெட்டுப்படும் கனம் கூடும், பல்லுக்குப் பிடிமானம் கிடைக்கும். பல் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் தலைகீழாக மாட்டுவோம்.

7. மெஷின்கள், எந்த வரிசையில்

முதலில் டிரில்லிங் மெஷின், 13 மி.மீ., வேகம் கூட்டிக் குறைக்கும் ரகம். சின்னத் துளைக்கு வேகம், பெரிய துளைக்கு நிதானம். சாதாரண இரும்பில் 3 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 2,600 சுற்று தாங்கும், 10 மி.மீ. பிட்டுக்கு 800-க்கு மேல் போகக் கூடாது. பிட் நீலமாக மாறினால் வேகம் அதிகம் என்று அதுவே சொல்கிறது. தகட்டில் துளை போடும்போது தகட்டைக் கையால் பிடிக்காதீர்கள். பிட் அடிப்பக்கம் வெளியே வரும் நொடியில் தகடு மாட்டிக்கொண்டு மின்விசிறி இறக்கை மாதிரி சுற்றும். கிளாம்ப் போடுங்கள். நிலை டிரில்லிங் மெஷினில் வேலை செய்யும்போது துணி கிளவுஸ் போடுவதும் தவறு. நூல் மாட்டினால் விரல் கூடவே போகும்.

இரண்டாவது, ஏஜி-4 என்று கடைகளில் சொல்லும் 4 அங்குலக் கை கிரைண்டர். அறுக்கும், தேய்க்கும், துரு எடுக்கும், பாலிஷ் போடும். ஆபத்திலும் முதலிடம். டிஸ்க்கின் மேல் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருப்பார்கள். 100 மி.மீ. டிஸ்க்கில் வழக்கமாக நிமிடத்துக்கு 15,300 சுற்று, விளிம்பில் நொடிக்கு 80 மீட்டர். ஒரு துண்டு பெயர்ந்தால் அந்த வேகத்தில்தான் வரும். எனவே டிஸ்க்கை மூடியிருக்கும் காப்புத் தகட்டைக் (கார்டு) கழற்றாதீர்கள், கண்ணாடி போடாமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள். டிஸ்க்கின் நடு வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும், அது காலாவதித் தேதி. பிசின் நாளாக நாளாக, ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரமாக, வலுவிழக்கும். மரம் அறுக்கும் பல் சக்கரத்தை இதில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டாதீர்கள். கையை மீறித் திமிறும்போது அது போகும் இடம் தொடை அல்லது வயிறு. லுங்கி கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிப்பதும் இந்த வகைதான்.

மூன்றாவது, உங்கள் வேலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்தது. இரும்பு என்றால் இன்வர்ட்டர் வெல்டிங் மெஷின். 12 நம்பர் ராடு, அதாவது 2.5 மி.மீ., 70-இலிருந்து 90 ஆம்பியரில் எரியும். 10 நம்பர் ராடுக்கு 100-க்கு மேல் வேண்டும், வீட்டு லைன் திணறும். தனி லைன் இழுக்கச் சொன்னது இதற்குத்தான். டூவீலரையும் பெட்ரோல் கேனையும் முதலில் வெளியே தள்ளுங்கள். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சை அரத்தால் எடுத்துவிட்டு, கேட்டைத் திறந்து வைத்துப் பற்றவையுங்கள். அந்த வெள்ளைப் புகை ராத்திரி காய்ச்சலைக் கொண்டுவரும். "ஒரே ஒரு டேக் தானே" (ஒரு பொட்டு வெல்டிங்) என்று கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஒரு நாள், நடுராத்திரி கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது மாதிரி எழுந்து உட்கார்ந்தேன். 11 நம்பர் கண்ணாடி போட்ட ஷீல்டு, அதுவும் ஒவ்வொரு முறையும்.

மரம் என்றால் கையில் பிடிக்கும் வட்ட ரம்பம், சர்குலர் சா. நான் முதலில் வாங்கிய மேசை ரம்பத்தைக் கடைசியில் விற்றுவிட்டேன். 8 அடி ஷீட்டை அறுக்க ரம்பத்துக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும். 18 அடி ஷெட்டில் அந்தக் கணக்கு வந்தாலும் நான் நிற்க இடம் வராது. இப்போது ஷீட்டைத் தரையில் தெர்மோகோல் மேல் படுக்கப்போட்டு, நேரான அலுமினியச் சட்டத்தைக் கிளாம்ப் செய்து, அதை ஒட்டிச் சர்குலர் சாவை ஓட்டுகிறேன். பிளேடு தெர்மோகோலில் அரைக்கால் அங்குலம் பதியும், அவ்வளவுதான். கனமான மரத்தை அறுக்க மரக்கடைக்கே அனுப்பிவிடுகிறேன்.

கம்ப்ரசர் பற்றி ஒரு வரி: வேலை முடிந்ததும் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

8. பழைய மெஷின் வாங்குபவர்களுக்கு

புதுப்பேட்டையில் வண்டிச் சாமான் கிடைக்கும். பட்டறை மெஷினுக்கு அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் மூடும் யூனிட்களைப் பற்றிக் காது கொடுத்து வையுங்கள். பழைய வார்ப்பிரும்பு நிலை டிரில், இன்று அதே விலைக்கு வரும் புதியதைவிட இரண்டு மடங்கு கனமாக இருக்கும். கனம்தான் அதிராமல் துளை போடும். சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் மட்டுமா, சக்கை ஏற்றி இறக்கும் குழலே தேய்ந்ததா என்று கேளுங்கள்.

சிக்கல் மோட்டாரில் வரும். தொழிற்பேட்டை மெஷின் எல்லாம் 415 வோல்ட், மூன்று ஃபேஸ். வீட்டில் ஒரு ஃபேஸ்தான் என்றால் இரண்டு வழி. மோட்டாரை மாற்றுவது ஒன்று. மற்றது, ஒரு ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் கொடுக்கும் வி.எஃப்.டி. என்ற மின்னணுப் பெட்டி. ஆனால் அது கொடுப்பது 230 வோல்ட் மூன்று ஃபேஸ். மோட்டார் உள்ளே ஸ்டாரில் (மூன்று காயிலின் ஒரு பக்க முனைகளை ஒரே முடிச்சாக) கட்டியிருந்தால், டெல்டாவாக (முக்கோணமாக) மாற்றினால்தான் முழு பலம் வரும். சின்ன மோட்டார்களில் வெளியே மூன்று வயர்தான் நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் புதைந்திருக்கும். காயில் கட்டுபவரிடம் கொண்டுபோய் அந்த முடிச்சைப் பிரித்து ஆறு வயராக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வி.எஃப்.டி. போட்டால் பெல்ட் மாற்றாமலே வேகம் குறைக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

9. துரு, அப்புறம் 2015

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு ஷெட்டில் தண்ணீர் ஏறியது. காலையில் மூன்றடி. மேசை மூழ்கிவிட்டது. கருவிகளை எல்லாம் அழகாக மேசைக்குக் கீழே இழுப்பறைகளில் வைத்திருந்தேன். பிளக் பாயின்ட்கள் அப்போது ஒன்றரை அடி உயரத்தில் இருந்தன.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. மோட்டார்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நாள்கணக்கில் காயவைத்து, இன்சுலேஷன் சோதித்த பிறகுதான் கரண்ட் கொடுத்தோம். இரண்டு பிழைத்தன, ஒன்று போனது. இரும்புக் கருவிகள் செம்மண் நிறத்தில் இருந்தன. வைஸின் திருகு அசையவே இல்லை.

அந்த வைஸைக் காப்பாற்றியது ஒரு பிளாஸ்டிக் டிரம். தண்ணீரில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா கலந்து, துருப்பிடித்த பொருளை அதில் தொங்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை அதில் மாட்ட வேண்டும். பாசிட்டிவ் ஒரு வேண்டாத இரும்புத் துண்டில். இரண்டும் தொடக் கூடாது. மாற்றி மாட்டினால் கருவி கரையும், குப்பை இரும்பு பளபளக்கும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒருபோதும் வேண்டாம், குரோமியம் நஞ்சாகக் கரைந்து வரும். ஹைட்ரஜன் குமிழி கிளம்புவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் ஆகாது. ஒரு ராத்திரி போனதும் எடுத்து, இரும்புப் பிரஷால் தேய்த்தேன். கறுப்புச் சேறு வழிந்தது, அடியில் சாம்பல் நிற இரும்பு. மூன்றாவது நாள் திருகு நூலிழை நகர்ந்தது. சின்னச் சாமான்களுக்கு இவ்வளவு வேண்டாம், புளிக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தால் போதும். பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கும் அதே சங்கதி.

வெள்ளம் என்றோ ஒருநாள். கடல் காற்று தினமும். இரவில் குளிர்ந்த வார்ப்பிரும்பு, விடிந்ததும் வரும் ஈரக்காற்றில் வியர்க்கும். அந்த வியர்வையும் உப்பும் சேர்ந்தால் நவம்பரில் இரண்டே நாளில் செம்புள்ளி வரும். சுவர் முழுக்க ஆணி அடித்துக் கருவிகளைத் தொங்கவிடுவது பார்க்க அழகு. கோயம்புத்தூரில் செய்யலாம், சென்னையில் மூடிய அலமாரிதான். பழைய ஸ்டீல் பீரோ ஒன்றைக் கடப்பா கல் மேல் உயரமாக நிறுத்தி, உளி, இழைப்புளி, அளவுக் கருவிகளை மேல் தட்டுகளில் வைத்தேன். பழைய ஃபிட்டர்கள் டிராயரில் கற்பூரத் துண்டு போட்டு வைப்பார்கள். நானும் போடுகிறேன், மூடிய பெட்டிக்குள் கைகொடுக்கிறது.

எண்ணெய் பூசுவதில் ஒரு எச்சரிக்கை. சமையலறை நல்லெண்ணெயைப் பூசாதீர்கள், நாளானால் பிசின் மாதிரி இறுகும். தையல் மெஷின் எண்ணெய் போதும். ஒரு துணியில் நனைத்து டப்பாவில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஒரு தடவு தடவினால் வியர்வைக் கையின் உப்பும் போய்விடும்.

10. தூசி, நெருப்பு, அண்டை வீடு

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் இருக்கிறது. தேக்குத் தூள் தும்மலும் அரிப்பும் தரும். மூக்கில் கைக்குட்டை கட்டுவது போதாது, என்-95 மாஸ்க் போடுங்கள். மரத்தூள் கிடக்கும் தரையில் கிரைண்டர் பிடிக்காதீர்கள். ஒரு பொறி தூளுக்குள் போய்ப் புகைந்துகொண்டே இருந்து, நீங்கள் சாப்பிடப் போன பிறகு எரியும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும், விரித்துக் காயப்போடுங்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று கேட்டின் பக்கம் மாட்டுங்கள், பின் சுவரில் அல்ல. நெருப்பைத் தாண்டிப்போய் அதை எடுக்க முடியாது.

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10-இலிருந்து காலை 6 வரை 45 என்று 2000-ஆம் ஆண்டு விதி. கை கிரைண்டர் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிடும். விதியைவிட முக்கியம் எதிர்வீட்டுப் பாட்டியின் மத்தியானத் தூக்கம். ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை எங்கள் ஷெட்டில் அரமும் இழைப்புளியும் மட்டும்தான் ஓடும். மே மாதத்தில் அந்த ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே அந்நேரம் எவனும் கிரைண்டர் பிடிக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

11. வருடத்துக்கு ஒரு நாள்

நமக்குப் பராமரிப்புக்கு என்று தனியாக நாள் குறிக்க வேண்டியதில்லை, ஆயுத பூஜை இருக்கிறது. பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால் வரும். முதல் நாளே பீரோவைக் காலி செய்து எல்லாவற்றையும் மேசை மேல் பரப்புவேன். ஆர்.சி.சி.பி. சோதனை, பிளக்குகளின் திருகு முடுக்கம், பெல்ட், கார்பன் பிரஷ், காலாவதியான டிஸ்க்கைக் குப்பையில் போடுவது, கால்களுக்கு அடியில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடிப்பது. இரண்டு ஆயுத பூஜை தாண்டியும் கை படாத கருவியை அன்றே யாருக்காவது கொடுத்துவிடுவேன். போன வருடம் ஒரு பைப் ரெஞ்ச், தெருவில் வேலை செய்யும் பிளம்பர் பையனுக்குப் போனது.

அதே நாளில் அந்த வருடம் எரிச்சலூட்டியதை ஒரு நோட்டில் எழுதுகிறேன். "வைஸ் கைப்பிடி முழங்காலில் இடிக்கிறது." "ஸ்க்ரூ டப்பா தேடவே பத்து நிமிடம்." அதிகம் எரிச்சலூட்டிய ஒன்றை மட்டும் அடுத்த வருடத்துக்குள் சரிசெய்வேன். எங்கள் ஷெட்டில் நடந்த மாற்றங்களில் பாதி இப்படித்தான் வந்தன. பிளக்குகளை 4 அடிக்கு ஏற்றியது மட்டும் வெள்ளம் எழுதிக் கொடுத்தது.

பிறகு வழக்கம்போல வைஸுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. கரைத்த சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. பூஜை முடிந்து மறுநாள் காலை, பொரி தின்றுகொண்டே, எண்ணெய்த் துணியை எடுத்து அந்தப் பொட்டை முதலில் துடைத்துவிடுங்கள். என் வைஸின் தலையில் ஒரு ரூபாய் அளவில் வட்டமான துருத் தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது.